டூட்டி முடிந்தும் பையை இறக்கி வைக்காத தம்பி

செல்லூர் அக்கா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பியைப் பற்றி ஒரு விஷயம் கேட்க வேண்டும். 108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறவர்கள், முன்பு பார்த்தவர்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

தம்பிக்கு 24 வயது. பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, இரண்டு வருடம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்று, அப்புறம் இஎம்டியாக, அதாவது ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவ உதவியாளராகத் தேர்வாகி எட்டு மாதமாக உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வண்டியில் இருக்கிறான். எங்கள் அப்பா தறி ஓட்டியவர். எங்கள் வீட்டில் யூனிஃபார்ம் போட்டு வேலைக்குப் போகிற முதல் ஆள் இவன்தான். முதல் நாள் அவன் கிளம்பியபோது அம்மா வாசலில் நின்று தெருமுனை வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரச்சினை டூட்டி முடிந்த பிறகுதான். முதலில் ஒரு சின்னப் பை வாங்கினான். இப்போது அது பள்ளிக்கூடப் பையைவிடப் பெரிதாகிவிட்டது. ஸ்டெதஸ்கோப் தவணையில் வாங்கினான், பிபி மிஷின், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், சுகர் பார்க்கும் மிஷின், ஊசி, சலைன் ஏற்ற நரம்பில் செருகும் கேனுலா, இரண்டு பாட்டில் சலைன், ஏதோ ஆம்பியூல்கள் (ஊசி மருந்துக் குப்பிகள்). எல்லாம் பழைய கடையில் சொந்தக் காசு கொடுத்து வாங்கியவை, வண்டியிலிருந்து எடுத்தவை இல்லை, அதில் அவன் சுத்தம். இடுப்பில் ஒரு பெல்ட், அதில் கத்தரியும் டார்ச்சும். கறிக்கடைக்குப் போனாலும் அந்தப் பெல்ட்தான். பைக்கில் முன்னாலும் பின்னாலும் ஸ்டிக்கர், போன மாதம் நம்பர் பிளேட்டுக்கு மேலே நீலமும் சிவப்பும் மின்னுகிற ஒரு லைட்டும் வந்துவிட்டது.

வாடிப்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். வெயிலில் அத்தை ஒருவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார். தம்பி எல்லோரையும் விலக்கிவிட்டு பிபி பார்த்தான், விரலில் மீட்டர் மாட்டினான், அது 88 என்று காட்டியதும் பதறிப்போய் கையில் கேனுலா போடக் கிளம்பிவிட்டான். நல்லவேளை, அங்கே வந்திருந்த ஒரு ரிட்டயர்டு நர்ஸம்மா தடுத்து, அத்தையைப் பாயில் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தி, தெளிந்ததும் மோர் கொடுத்தார். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. தம்பி முகம் அன்றைக்கு முழுக்க செத்துப்போயிருந்தது.

இரவில் இன்னொரு பயம். ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது, எங்கே விபத்து என்றாலும் அதில் வரும். 12 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தவன் போன் அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். போன வாரம் என் மூன்று வயது மகள் அந்தப் பையைத் திறந்து ஊசி கவரைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆனால் எது தேவை, எது தேவையில்லை என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் சத்தம் போட்டு அவன் ஆர்வத்தைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. எப்படிச் சொல்வது?


பதினோரு வருட இஎம்டி:

அக்கா, முதலில் ஒன்று. உங்கள் தம்பி மாதிரி ஆட்களைப் பார்த்து நான் கவலைப்படுவதைவிட, இரண்டாவது மாதத்திலேயே கேஸ் வந்தால் முகம் சுளிக்கிறவனைப் பார்த்துத்தான் அதிகம் கவலைப்படுவேன். ஆர்வம் இருக்கிறவனுக்கு எதை விடுவது என்று சொல்லிக்கொடுக்கலாம். இல்லாதவனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

நானும் இப்படிப் பை தூக்கியவன்தான். முதல் வருடம் என் பை ஆறேழு கிலோ இருந்திருக்கும். இப்போது என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: இரண்டு ஜோடி கையுறை, வாய்வழி மூச்சுக் கொடுக்க ஒரு பாக்கெட் மாஸ்க், இரண்டு ரோல் பேண்டேஜ், ஒரு சுத்தமான வேட்டித் துண்டு, கத்தரி, டார்ச், குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று. சாப்பாட்டு டப்பா அளவுதான் வரும்.

ஏன் குறைந்தது என்று சொல்கிறேன். டூட்டியில் இருக்கும்போது நாம் ஒரு ஊசி போடுகிறோம் என்றால் பின்னால் கட்டுப்பாட்டு அறையில் ஒரு டாக்டர் இருக்கிறார், அவரிடம் கேட்டுத்தான் போடுகிறோம், அது பதிவாகிறது, வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட ஒரு பைலட், அதாவது வண்டி டிரைவர், இருக்கிறார். காதுகுத்து வீட்டில் இவை எதுவும் கிடையாது. அங்கே கேனுலா போட்டு சலைன் ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் போய் நிற்பது? அந்த நர்ஸம்மா செய்ததுதான் சரியான சிகிச்சை.

அந்த 88-ஐயும் கேளுங்கள். விரல் மீட்டர் நகப்பூச்சு இருந்தாலும், விரல் குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலும், ஆடிக்கொண்டிருந்தாலும் தப்பாகக் காட்டும். மயங்கின ஆளுக்கு பிபி இறங்கியிருக்கும், விரல் குளிர்ந்துதான் இருக்கும். மூச்சு எப்படி இருக்கிறது, உதடு நீலமாக இருக்கிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மீட்டர். மிஷினை முதலில் பார்ப்பது எல்லாப் புதுப் பையன்களும் செய்கிற தப்பு.

அப்புறம் சூடு. மதுரை சித்திரை, வைகாசி வெயிலில் பைக் சீட்டுக்கு அடியில் கை வைக்க முடியாது. ஆம்பியூல்கள் பெரும்பாலும் 25 டிகிரி, 30 டிகிரிக்குள் வைக்க வேண்டியவை. அட்ரினலின் வெளிச்சத்திலும் சூட்டிலும் வீரியம் இழந்துவிடும். சுகர் ஸ்ட்ரிப்பும் அப்படித்தான், சூடேறினால் தப்பான எண் காட்டும். கையுறைகூட ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போடும்போது கிழியும், நான் மாதம் ஒரு முறை மாற்றிவிடுகிறேன். அவன் சுமந்துகொண்டிருப்பதில் பாதி ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும்.

பைக்கில் ஒட்டியிருப்பது நீல நிற ஆறு பட்டை நட்சத்திரம் என்றால் அதன் அர்த்தத்தை அவனிடம் கேட்டுப் பாருங்கள், ட்ரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள். அவசரத்தைக் கண்டறிவது, தகவல் சொல்வது, வண்டி புறப்பட்டு வருவது, அந்த இடத்தில் கவனிப்பது, போகிற வழியில் கவனிப்பது, ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது. லீவு நாளில் முதல் இரண்டும் முழுக்க நம்முடையவை, நான்காவதில் கொஞ்சம். மற்றதெல்லாம் டூட்டியில் இருக்கிறவனுடையது. அவனிடம் விட்டுவிட வேண்டும்.

ஒரு ஜல்லிக்கட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். மாடு குத்தி வயிற்றில் காயம்பட்ட ஒருவரிடம் எங்கள் டீம் போவதற்குள் லீவில் வேடிக்கை பார்க்க வந்த ஒரு பையன் தடுப்பைத் தாண்டிக் குதித்து, தன் பையைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டான். திறமையான பையன். ஆனால் குடல் வெளியே தெரிந்ததும் உள்ளே தள்ளப் பார்த்தான். தள்ளக் கூடாது, ஈரமான சுத்தத் துணியால் மூடி அப்படியே கொண்டுபோக வேண்டும். அவனுக்கு அது தெரியும், பரபரப்பில் மறந்துவிட்டது. அவனை விலக்கி ஸ்ட்ரெச்சரில் ஏற்ற எங்களுக்கு இரண்டு நிமிடம் அநியாயமாகப் போனது.


பேரையூர்க்காரன்:

இஎம்டி அண்ணே, நீங்கள் சொல்வது மதுரை டவுனுக்குச் சரி. கோரிப்பாளையத்தில் விழுந்தால் பெரியாஸ்பத்திரி எதிரே இருக்கிறது. எங்கள் பக்கம் சாப்டூர், அதற்கும் உள்ளே மலையடிவாரத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்களுக்கு வண்டி எவ்வளவு வேகமாகப் புறப்பட்டாலும் நேரம் ஆகத்தான் செய்யும். எங்கள் தெருவிலும் ஒரு இஎம்டி இருக்கிறார். போன வருடம் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா உளற ஆரம்பித்தார், உடம்பெல்லாம் வேர்வை, நாங்கள் பக்கவாதம் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டோம். அவர் பையோடு ஓடிவந்து சுகர் பார்த்தார், 42. அம்மாவால் விழுங்க முடிகிறதா என்று ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அம்மா என் பெயரைச் சொன்னார். அந்த மிஷின் அவர் பையில் இல்லாமல் இருந்திருந்தால்? அதனால் பையே வேண்டாம் என்று யாரும் சொல்லாதீர்கள்.


பதினோரு வருட இஎம்டி:

தம்பி, அது நியாயம்தான். தோட்டத்துப் பக்கம் சுகர் மிஷின் வைத்திருப்பது நல்ல காரியம், வீட்டுக்குள் நிழலில் வைத்திருந்தால். அவர் அம்மாவை அதோடு விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் என்று நம்புகிறேன். சில சர்க்கரை மாத்திரைகளுக்கு சுகர் ஏறிய பிறகும் மறுபடி இறங்கும், சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அவர் செய்ததைக் கவனியுங்கள். விழுங்க முடிகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கொடுத்தார். மயங்கிக் கிடக்கிறவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். உங்கள் அம்மாவைக் காப்பாற்றியதில் மிஷினுக்குப் பாதி, அந்த நிதானத்துக்குப் பாதி. பாம்புக்கடியும் உங்கள் பக்கம் அதிகம், அதற்கு எந்தப் பையிலும் மருந்து கிடையாது. இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை ஆட்டாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறோம் என்பதுதான் சிகிச்சை. கிராமத்தில் இஎம்டி செய்யக்கூடிய பெரிய உதவி எது தெரியுமா, 108-க்கு இடத்தைச் சரியாகச் சொல்லி, ஒரு ஆளை ஊர்ப் பொதுமந்தையில் டார்ச்சோடு நிறுத்துவது. ராத்திரியில் வழி தெரியாமல் வண்டி சுற்றுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் எங்களுக்குப் பெரிய வேதனை.


கேஷுவாலிட்டி சிஸ்டர்:

நான் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நர்ஸ். அக்கா, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், அந்த ஊசிகளை இன்றைக்கே வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். குழந்தை கடித்தது பிரிக்காத கவர் என்றால் பயம் இல்லை. பிரித்தது என்றால், அல்லது எங்காவது குத்தியிருந்தால், நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் போடக் கூடாது, துப்புரவுப் பணியாளர் கையில் குத்தும். ஆஸ்பத்திரியில் துளை விழாத தனி டப்பாவில்தான் போடுகிறோம், 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளே இருக்கின்றன. தம்பி ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று டோஸும் போட்டுவிட்டானா என்றும் கேளுங்கள். புதுப் பையன்கள் ஒரு டோஸ் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

யூனிஃபார்ம் பற்றி யாரும் பேசவில்லை. டூட்டி முடிந்து அதே உடையோடு கடைக்கும் வீட்டுக்கும் போவது பெருமைக்காக என்று மற்றவர்கள் நினைக்கலாம். நான் அதைத் தப்பாக நினைக்கவில்லை, பெருமைப்பட வேண்டிய உடைதான். ஆனால் அந்த முழங்கையில், ஷூவில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ரத்தம், வாந்தி, சளி. ஸ்டேஷனிலேயே மாற்றிக்கொண்டு தனிக் கவரில் கொண்டுவந்து தனியாகத் துவைக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை மாமா காலைக் கட்டிக்கொள்ளும் வீட்டில் இதில் தயவே பார்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீவு நாளில் வந்து உதவி செய்கிற இஎம்டிகளில் எங்களுக்கு மிகவும் பயன்படுகிறவர்கள் யார் என்றால், விபத்தைப் பார்த்தது முதல் நடந்ததைச் சரியாகச் சொல்கிறவர்கள். எத்தனை மணிக்கு, எப்படி விழுந்தார், முதலில் பேசினாரா, எப்போது நினைவு தப்பியது. தலைக்காயக் கேஸில் 'முதலில் பேசினார், அப்புறம் தூங்க ஆரம்பித்தார்' என்ற ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு பை நிறையச் சாமானுக்குக் கிடையாது. அந்த ஒரு வரியை வைத்து டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்புவார்.


பழைய பைலட்:

தங்கச்சி, நான் 2010-ல் சேர்ந்து 108 வண்டி ஓட்டியவன். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில்தான் இந்தச் சேவையே வந்தது, அதனால் நாங்களெல்லாம் ஆரம்ப காலத்து ஆட்கள்.

லைட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அவசர வண்டிகளைத் தவிர வேறு யாருக்கும் அப்படி லைட் கிடையாது. 2017 மே 1 முதல் அமைச்சர் காருக்கே எடுத்தாகிவிட்டது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது, அது ஆம்புலன்ஸுக்கு, லைட் மாட்டிய பைக்குக்கு இல்லை. ஸ்டிக்கரில் சிவப்பு சிலுவை இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரியாது, அது போர்க்காலத்தில் மருத்துவ உதவிக்கு உலகம் முழுக்க ஒதுக்கின அடையாளம், அனுமதி இல்லாமல் உபயோகிப்பதைத் தடுக்க 1960-லேயே இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை ராத்திரி ஓட்டம். 12 மணி நேரம் டூட்டி பார்த்த கண்ணோடு, செக்கானூரணி ரோட்டில், எதிரே லாரி வெளிச்சம் அடிக்க, மனசு முழுக்க விபத்து நடந்த இடத்திலேயே இருக்க, பைக் ஓட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வண்டி ஓட்டும்போது பின்னால் பேஷன்ட் இருந்தாலும் நிதானம் தவறக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள். அவனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. எங்களோடு இருந்த ஒரு பையன் இப்படித்தான் குழுவில் செய்தி பார்த்துக் கிளம்பி, கப்பலூர் தாண்டி விழுந்து, காலில் கம்பி வைத்து ஐந்து மாதம் படுத்தான். அவன் போக இருந்த இடத்தில் வண்டி ஏற்கெனவே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

வழியில் தானாகக் கண்ணில் படுகிற விபத்து வேறு. அங்கே நிற்கத்தான் வேண்டும், பயப்படவும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு, கைமாறு எதிர்பார்க்காமல் உதவுகிறவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பாதுகாப்புக் கொடுக்கிறது, பெயர் விலாசம் சொல்லச் சொல்லி போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தேடிப் போகாதே என்று சொல்லுங்கள்.


செல்லூர் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. நான் திட்டவில்லை. பாய் விரித்து, பையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வை, இதைக் கடைசியாக எப்போது உபயோகித்தாய் என்று மட்டும் சொல் என்றேன். ஆம்பியூலைக் கையில் எடுத்ததும் அவனே தேதியைப் பார்த்தான், ஒன்று போன மாதமே முடிந்திருந்தது. கையுறை இஎம்டி அண்ணன் சொன்ன மாதிரியே ஒட்டிப்போயிருந்தது. குழந்தை கடித்த கவர் பிரிக்காததுதான், நானே பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் ஒன்றைச் சொன்னான். சேர்ந்த மூன்றாவது மாதம், டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது கருமாத்தூர் அருகே ஒரு விபத்து. இறங்கி ஓடியிருக்கிறான். ஒருவருக்குத் தொடையில் ரத்தம் கொட்டியிருக்கிறது. கையில் ஒன்றுமே இல்லை, சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறான், வண்டி வரும் வரை. அப்புறம் அந்த ஆள் என்ன ஆனார் என்று இவனுக்குத் தெரியவே இல்லை. பை இருந்திருந்தால் வேறு ஏதாவது செய்திருக்கலாம் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு வெறும் பனியனோடு வீட்டுக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது, வேலை செய்யும்போது சட்டை கிழிந்துவிட்டது என்று சொன்னான்.


பதினோரு வருட இஎம்டி:

அக்கா, இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள். தம்பி, தொடையில் ரத்தம் கொட்டினால் முதல் சிகிச்சை அழுத்துவது, இரண்டாவது கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பது. நானாக இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்திருப்பேன், பேண்டேஜ் இருந்தால் அதை வைத்து, இல்லாவிட்டால் சட்டையை வைத்து. உன் பையில் இப்போது இருக்கிற எதுவும், அந்த சலைன் உட்பட, உன் கை செய்ததைவிட அதிகமாகச் செய்திருக்காது. அழுத்தம் விடாமல் பிடித்திருந்தாய் என்றால் நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாய்.

ஆட்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் போவது இந்த வேலையில் இருக்கிறது. எனக்கும் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். மாட்டுத்தாவணி பக்கம் வந்தால் தனியாகச் செய்தி அனுப்பு, ஒரு டீ குடித்துக்கொண்டே பேசலாம்.


செல்லூர் அக்கா:

படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, போனை வாங்கி அவனே மறுபடி படித்தான். ஊசி, கேனுலா, சலைன், ஆம்பியூல் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அவன் ஒப்படைக்கிற ஆஸ்பத்திரியில் கேட்டுக் கொடுத்துவிட்டான். ஹெபடைட்டிஸ் இரண்டாவது டோஸ் போடாமலே விட்டிருக்கிறான், அதையும் போட்டாகிவிட்டது. லைட்டை மெக்கானிக் கழற்றிவிட்டார். ஸ்டெதஸ்கோப்பை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றான், நானும் வற்புறுத்தவில்லை, அம்மாவுக்கு பிபி பார்க்கிறான். பெல்ட் இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது.

வாட்ஸப் குழுவிலிருந்தும் இன்னும் வெளியே வரவில்லை. நேற்று இரவு பதினொரு மணிக்கு அடித்தது. எழுந்து உட்கார்ந்து பார்த்தான். "வண்டி போயிருச்சாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.